வெளிநாட்டுப் பார்சலுக்கு வரி எவ்வளவு? ஐஸ்கேட் கால்குலேட்டரை நம்பி வாங்கலாமா

வெளிநாட்டுக் கடையில் ஏதாவது வாங்கும்முன் வரி எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ள, இந்தியச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் இருக்கும் வரிக் கால்குலேட்டரே போதும். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, விகிதத்தோடு அது எந்த அறிவிக்கையின்படி வருகிறது என்பதையும் காட்டிவிடும். ஆனால் அது உங்களிடம் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கிறது. ஒன்று பொருளின் எண், அதாவது சுங்கத்துறை பொருட்களை வகைப்படுத்தும் எச்எஸ் கோட், இன்னொன்று பொருளின் மதிப்பு. இந்த இரண்டில் எது தப்பினாலும் அங்கே வரும் தொகைக்கும் கூரியர்காரர் வாசலில் நின்று கேட்கும் தொகைக்கும் சம்பந்தமே இருக்காது. கால்குலேட்டரே தப்பு என்று நண்பர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

நான் இறக்குமதி வியாபாரி இல்லை. வீட்டில் கர்நாடக வயலின் வாசிக்கிறோம், தந்திகள் வியன்னாவின் தொமாஸ்டிக் இன்ஃபெல்டிடமிருந்தும் ஜெர்மனியின் பிராஸ்ட்ரோவிடமிருந்தும் வருபவை, இங்கே கிடைக்காத வகைகளை ஐரோப்பியக் கடைகளில் நேரடியாக வாங்குவோம். அப்புறம் புத்தகங்கள், எப்போதாவது ஒரு மைக். இந்த அளவில் வாங்குகிற ஒருவருக்கு எது உதவும், எது உதவாது என்பதைத்தான் எழுதுகிறேன். கன்டெய்னரில் இறக்குபவர்களுக்கு அவர்களுடைய சுங்கத் தரகர் இருக்கிறார்.

முதலில் கால்குலேட்டரின் வேலை. பொருளின் எண்ணையோ பெயரின் ஒரு பகுதியையோ போட்டால் பொருந்தும் பொருள் வகைகள் வரிசையாக வரும், அதில் உங்களுடையதைத் தேர்ந்தெடுத்து, தயாரான நாட்டைக் கொடுத்து, மதிப்பைப் போட்டால் அடிப்படை சுங்க வரி, அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி, ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி) என்று பிரித்துக் காட்டும். அந்தப் பொருளுக்கு வேறு ஏதாவது செஸ் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பிரிப்புதான். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி விட்டுவிடாமல் எது எதன்மேல் ஏறுகிறது என்று காட்டுவதால், பிற்பாடு கூரியர் அனுப்பும் பில்லை வரி வரியாக ஒப்பிட முடிகிறது.

இனி கணக்கு. பயப்பட ஒன்றுமில்லை, நாலு படிதான், கையாலேயே போடலாம். ஆனால் முதல் படியில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். வரி போடுவது நீங்கள் கடைக்குக் கொடுத்த விலைமேல் மட்டும் இல்லை. பொருளின் விலை, அது இந்தியா வந்து சேரும் போக்குவரத்துக் கூலி, காப்பீடு, மூன்றும் சேர்ந்ததுதான் வரி போடும் மதிப்பு. காப்பீட்டுத் தொகை தனியாகத் தெரியாவிட்டால் பொருள் விலையில் 1.125 சதவீதம் என்று வைத்துக்கொள்வார்கள். கூலி தெரியாவிட்டால் 20 சதவீதம். இதில் வாங்குபவருக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை: விமானத்தில் வரும் சரக்குக்கு நீங்கள் உண்மையில் எவ்வளவு கூலி கொடுத்திருந்தாலும், வரிக் கணக்கில் அது பொருள் விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் பத்தாவது விதி இதைச் சொல்கிறது. சின்னப் பொருளுக்கு எக்ஸ்பிரஸ் கூரியர் வைத்து விலைக்குப் பாதி கூலி கொடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது நிஜமான பணம்.

எண்களோடு பார்ப்போம். பொருள் 10,000 ரூபாய், கூரியர் கூலி 3,500 ரூபாய். வரிக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய கூலி 2,000 மட்டும். காப்பீடு 112 ரூபாய் 50 காசு. ஆக மதிப்பு 12,112.50. அடிப்படை சுங்க வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,211.25 வரும். சமூக நலக் கூடுதல் வரி என்பது அந்தச் சுங்க வரியில் 10 சதவீதம், பொருளின் மதிப்பில் இல்லை, அதனால் 121 ரூபாய் சொச்சம்தான். இப்போது இவை எல்லாவற்றையும் மதிப்போடு கூட்டினால் ஏறக்குறைய 13,445. இந்தக் கூட்டுத்தொகையின்மேல்தான் ஐஜிஎஸ்டி. 18 சதவீதம் என்றால் 2,420. மூன்று வரியும் சேர்ந்து சுமார் 3,752 ரூபாய். பத்தும் பதினெட்டும் இருபத்தெட்டு, அதனால் 2,800 வரும் என்று நினைத்தவர் இங்கேதான் அதிர்ந்துபோகிறார். வரியின்மேல் வரி ஏறுவதால் 28 என்பது 30.98 ஆகிறது, அதுவும் கூலி சேர்ந்த மதிப்பின்மேல். நீங்கள் கடைக்குக் கொடுத்த 10,000-க்கு மட்டும் கணக்குப் பார்த்தால் 37.5 சதவீதம்.

கூலி உச்சவரம்பைக் கவனிக்காமல் முழு 3,500-ஐயும் மதிப்பில் சேர்த்துவிட்டால் வரி 4,217 ஆகும். 465 ரூபாய் வித்தியாசம். ஐஸ்கேட் கால்குலேட்டரின் முதல் குறை இதுதான்: மதிப்பை நீங்களே கணக்கிட்டுக் கொண்டுவர வேண்டும், கூலி எவ்வளவு, காப்பீடு எவ்வளவு என்று அது கேட்காது. சுங்கத் தரகருக்கு இது தினப்படி வேலை. முதல்முறை வாங்குபவர் கடை விலையை அப்படியே அந்தப் பெட்டியில் போட்டுவிடுவார், விடை குறைவாக வரும், பார்சல் வந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும்.

ரூபாய்க்கு மாற்றும் விகிதமும் அப்படித்தான். உங்கள் கார்டு அன்று எந்த விகிதத்தில் பணம் எடுத்தது என்பது சுங்கத்துக்குப் பொருட்டில்லை. மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் வெளியிடும் விகிதம்தான் கணக்கு, இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று, அதுவும் ஐஸ்கேட்டிலேயே கிடைக்கும். கூகுளில் வரும் விகிதத்தைவிட இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதைப் பார்த்துத் தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள். வரி விகிதமும் நீங்கள் ஆர்டர் செய்த நாளுடையது இல்லை, இங்கே பார்சலுக்கு ஆவணம் தாக்கலாகும் சமயத்தில் நடப்பில் இருப்பது. ஜனவரி கடைசியில் ஆர்டர் போடுகிறவர்கள் பட்ஜெட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது எண். இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எச்எஸ் கோட் என்ற எண் உண்டு, முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான், இந்தியாவில் எட்டு இலக்கம் வரை போகும். விகிதம் முழுக்க இந்த எண்ணைப் பொறுத்தது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, 2019-இல் போட்ட 5 சதவீத சுங்க வரிதான் பெரிது. லேப்டாப்புக்கு அடிப்படை சுங்க வரி பூஜ்யம், பூஜ்யத்தில் 10 சதவீதமும் பூஜ்யம், மிஞ்சுவது 18 சதவீத ஐஜிஎஸ்டி மட்டும். பொம்மைக்கோ 2020-இல் 20-லிருந்து 60 ஆக்கி, 2023-இல் 70 சதவீதமாக ஏற்றிவிட்டார்கள். சிறுவர் பொம்மை மட்டுமில்லை, பெரியவர்கள் ஆசையாகச் சேர்க்கும் அளவு குறைத்த மாதிரி ரயில், கார், விமானம் எல்லாம் பொம்மைகளுக்கான அதே 9503 என்ற எண்ணில்தான் வருகின்றன. 6,000 ரூபாய் மாதிரி ரயிலுக்கு வரி மட்டுமே அந்த விலைக்குப் பக்கத்தில் போய் நிற்பதைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் 'வெளிநாட்டுப் பொருளுக்கு எத்தனை சதவீதம் வரி?' என்ற கேள்விக்கு விடையே கிடையாது. எந்தப் பொருளுக்கு என்பதுதான் கேள்வி.

எண்ணை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் இல்லை. விற்பவர் இன்வாய்ஸில் எழுதிய விவரத்தைப் பார்த்து, கூரியர் நிறுவனத்தின் சுங்கப் பிரிவில் இருப்பவர் ஆவணம் போடுகிறார், அதிகாரி அதை மதிப்பிடுகிறார். விவரம் மொட்டையாக இருந்தால் எண் எங்கேயோ போய் நிற்கும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பார்சலில் இன்வாய்ஸில் தந்தி என்று மட்டும் போட்டிருந்தது, கூரியர் நிறுவனம் அதை உலோகக் கம்பி என்று எடுத்துக்கொண்டு ஆவணம் போட்டுவிட்டது. இசைக்கருவித் தந்திக்கென்றே 9209 30 00 என்று தனி எண் இருக்கிறது, அதைக் குறிப்பிட்டு எழுதினேன். மதிப்பீடு முடிந்துவிட்டது, திருத்தம் வேண்டுமானால் தனி விண்ணப்பம், அதற்குத் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. கேட்ட கட்டணம் வித்தியாசத் தொகையை விட அதிகம். சட்டத்தில் வழி இருக்கிறது, கூடுதலாகக் கட்டிய வரியை ஓராண்டுக்குள் திருப்பிக் கேட்க சுங்கச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் சின்னத் தொகைக்கு அந்த வழியில் நடப்பது யாராலும் ஆகிற காரியம் இல்லை. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான். அதன்பிறகு ஆர்டர் போடும்போதே கடைக்காரருக்கு எழுதிவிடுகிறேன்: பொருள் என்ன, எதனால் ஆனது, எதற்கு உபயோகம், எச்எஸ் கோட் என்ன, நான்கையும் இன்வாய்ஸில் போடுங்கள் என்று. ஐரோப்பியக் கடைகள் பெரும்பாலும் தயங்காமல் போட்டுக் கொடுக்கின்றன. செலவில்லாத வேலை, பலன் பெரிது.

இதிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. தனிப்பட்ட உபயோகத்துக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருட்களுக்கென்று 9804 என்று ஒரு பொதுத் தலைப்பு இருக்கிறது. உங்கள் பார்சல் அதில் விழுந்தால் பொருளின் சொந்த எண்ணுக்குரிய விகிதம் பொருந்தாது, இந்தத் தலைப்பின் விகிதம்தான். இதற்கான சுங்க வரியை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி. நான் செய்வது, கால்குலேட்டரில் பொருளின் சொந்த எண்ணை ஒரு தடவை, 9804-ஐ ஒரு தடவை போட்டு, இரண்டில் பெரிய தொகையைக் கையில் வைத்துக்கொள்வது. குறைவாக வந்தால் சந்தோஷம்.

தயாரான நாடு என்ற பெட்டியில் கடை இருக்கும் நாட்டைப் போடாதீர்கள். லண்டன் கடையில் வாங்கிய சீனத் தயாரிப்புக்குத் தயாரான நாடு சீனாதான். வர்த்தக ஒப்பந்தம் இருக்கும் நாடுகளுக்குக் கால்குலேட்டர் சலுகை விகிதம் காட்டக்கூடும், அதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அந்தச் சலுகைக்குப் பொருள் எங்கே உருவானது என்பதற்கான ஆதாரம் வேண்டும். ஒரே ஒரு பொருள் வாங்குபவருக்கு எந்தக் கடையும் அதைத் தயார் செய்து தருவது அரிது.

ஐஸ்கேட்டோடு சேர்ந்ததாக இன்னொன்று இருக்கிறது, சுங்க இணக்கத் தகவல் தளம், 2021-இல் தொடங்கினார்கள். எண்ணைப் போட்டால் அந்தப் பொருளைக் கொண்டுவர என்னென்ன அனுமதி தேவை என்று காட்டும். வரி பார்ப்பதற்கு முன்பே இதைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சில பொருட்களுக்கு வரி கட்டத் தயாராக இருந்தாலும் உள்ளே வராது. முழு டிரோன் 2022 பிப்ரவரியிலிருந்து தடை. மின் சிகரெட் 2019-லிருந்து தடை. லேப்டாப்புக்கு 2023 ஆகஸ்டில் கட்டுப்பாடு அறிவித்தபோது, கூரியரிலோ தபாலிலோ வாங்கும் ஒரே ஒரு லேப்டாப்புக்கு உரிமம் தேவையில்லை, வரி மட்டும் கட்டினால் போதும் என்று விலக்கும் வைத்தார்கள். ப்ளூடூத், வைஃபை உள்ள சாதனம் என்றால் கூடுதலாக விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

தனியார் தளங்களில் வரும் இலவசக் கால்குலேட்டர்கள் பற்றி. பயன்படுத்த எளிது, விலை, கூலி எல்லாம் தனித்தனியாகக் கேட்கும், மொபைலில் அழகாகத் திறக்கும். சிக்கல், பல பழையவை. பழையதா என்று கண்டுபிடிக்க நான் பார்க்கும் அடையாளங்கள் சொல்கிறேன். லேண்டிங் சார்ஜ் என்று 1 சதவீதம் சேர்த்தால் மூடிவிடுங்கள், அது 2017-இல் போய்விட்டது. கல்வி செஸ் 3 சதவீதம் என்று வந்தால் அதுவும் பழசு, 2018-இல் அதன் இடத்துக்குத்தான் சமூக நலக் கூடுதல் வரி வந்தது. சாதாரண வீட்டுப் பொருளுக்கு ஜிஎஸ்டி 12 அல்லது 28 என்று காட்டினாலும் சந்தேகப்படுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்கள் 5, 18, 40 என்ற விகிதங்களுக்குள் வந்துவிட்டன. இந்த மூன்றிலும் தேறும் தளத்தை மதிப்பு கணக்கிட மட்டும் வைத்துக்கொண்டு, விகிதத்தை ஐஸ்கேட்டிலிருந்து எடுங்கள். இந்த ஜோடிதான் எனக்குச் சரியாக வருகிறது.

கால்குலேட்டர் எதிலும் வராத செலவு ஒன்று இருக்கிறது. கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் சுங்கத்தில் வரியை முன்கூட்டிக் கட்டிவிட்டு, அப்படிக் கட்டியதற்கு ஒரு கட்டணம் போடும், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டியும் உண்டு. இது அரசு வரி இல்லை, கூரியரின் சேவைக் கட்டணம். விலை குறைந்த பார்சலில் இது வரியையே மிஞ்சிவிடலாம். எவ்வளவு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் போட்டிருக்கும், ஆர்டருக்கு முன் பார்த்துவிடுங்கள். பார்சல் வந்ததும் சுங்கத்தில் தாக்கலான ஆவணத்தின், அதாவது பில் ஆஃப் என்ட்ரியின், நகல் கேளுங்கள், கேட்டால் தர வேண்டும், அதில் எண், மதிப்பு, விகிதம், மூன்று வரியும் தனித்தனியாக இருக்கும். வாங்கிய தொகைக்கும் அதில் உள்ள வரிக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் கூரியருடையது. அவசரமில்லாத, விலை குறைந்த பொருளுக்கு நான் தபாலையே தேர்ந்தெடுப்பேன். மெதுவாக வரும், ஆனால் வரியைத் தாண்டி ஏறும் செலவு குறைவு.

பணம் மிச்சமாகும் இடம் ஒன்றும் உண்டு. ஐரோப்பிய, பிரிட்டிஷ் கடைகளில் காட்டும் விலையில் அவர்கள் நாட்டு மதிப்புக் கூட்டு வரி அடக்கம். ஜெர்மனியில் 19 சதவீதம், ஆஸ்திரியாவிலும் பிரிட்டனிலும் 20. ஏற்றுமதிக்கு அது கிடையாது. இந்திய முகவரி கொடுத்ததும் 119 யூரோ 100 யூரோவாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கடைக்கு எழுதிக் கேளுங்கள், இல்லையென்றால் அந்த நாட்டு வரியையும் சேர்த்த விலைமேல் நம் நாட்டு வரியும் ஏறும். சில கடைகள் இதைச் செய்வதே இல்லை, அப்படிப்பட்ட கடையில் தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இன்னொரு கடையைப் பாருங்கள்.

விற்பவரே, 'பரிசு என்று எழுதி விலையைக் குறைத்துப் போடட்டுமா' என்று கேட்பது உண்டு. வேண்டாம் என்று சொல்லுங்கள். பரிசு என்று சொல்லி வரி கட்டாமல் கூரியரிலோ தபாலிலோ பொருள் வரவழைப்பதை 2019 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள், ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டும் விலக்கு. வாங்கும் பொருளுக்கு இத்தனை ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை என்ற வரம்பும் இந்தியாவில் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் வரம்பெல்லாம் அந்த ஊர்க் கணக்கு. குறைத்துக் காட்டிய விலையை நம்பாவிட்டால் அதிகாரி அதை ஒதுக்கிவிட்டு வேறு மதிப்பு வைக்க விதி இடம் தருகிறது. பார்சல் தொலைந்தால் காப்பீடு கிடைப்பதும் அந்தக் குறைத்த விலைக்குத்தான்.

வரி கட்டச் சொல்லி வரும் குறுஞ்செய்தி விஷயத்தில் கவனமாக இருங்கள், குறிப்பாக வீட்டில் பெரியவர்கள் ஆர்டர் செய்கிறவர்களாக இருந்தால். சுங்க அதிகாரி யாரும் போன் செய்து தன் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வதில்லை. சுங்கத்துறை அனுப்பும் கடிதங்களில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும், வாரியத்தின் தளத்தில் அதைப் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். கூரியர் வழியாக வரும் வரிக்கு, செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், டிராக்கிங் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய்க் கட்டுங்கள். ஆதார் நகல் கேட்பது வழக்கம்தான், அதையும் அந்தத் தளத்தில் மட்டும் கொடுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன் ஐஸ்கேட் கால்குலேட்டருக்கு. விகிதத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஒரு மதிப்பெண் குறைத்தது மூன்று காரணங்களுக்காக. மதிப்பைக் கட்டியெழுப்பும் வேலையை நம் தலையில் விடுகிறது. எண் தெரியாமல் பெயரை மட்டும் தட்டித் தேடினால் சட்ட வாசகத்தில்தான் விடை தருகிறது, வயலின் வில்லில் தேய்க்கும் ரோசின் எந்த எண்ணில் இருக்கிறது என்று சாதாரண ஆள் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். தமிழில் இல்லை. கூலி, காப்பீடு, நாணய விகிதம் மூன்றுக்கும் தனிப் பெட்டி வைத்து, 20 சதவீத உச்சவரம்பைத் தானாகவே போட்டுக்கொள்ளும்படி செய்தால், தனிப்பட்ட முறையில் வாங்குபவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது. வாரியத்தின் தளத்தில் கருத்துச் சொல்ல இடம் இருக்கிறது, நான் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்களும் அனுப்புங்கள், நிறையப் பேர் கேட்டால் செய்வார்கள்.